கேக்டஸ் நாற்றுகள் திடீரென்று சாகாமல் காப்பது எப்படி: பெங்களூரு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கள்ளி நாற்று திடீரென்று செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சாய்ந்து விழுவது ஒரே இரவில்தான். ஆனால் அதற்கான காரணம் பத்து, பதினைந்து நாள் முன்பே தொட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். சரியாகக் கழுவாத விதை, வேகாத மண், மதியம் சன்னல் வழியாக இரண்டு மணி நேரம் விழுந்த வெயில், ஊருக்குப் போன ஐந்து நாள் என்று ஏதோ ஒன்று. விழுந்த பிறகு மருந்து தேடி அலைவதைவிட, நாற்றுக்கு இப்போது என்ன வயது, அந்த வயதில் அதைக் கொல்வது எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அதனால் நோய்களை வரிசையாக அடுக்காமல், நாற்றின் வயதை வைத்தே போவோம்.

ஒரு சின்ன விளக்கம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் பெயரில்தான் கள்ளி. அவை யூபோர்பியா குடும்பம், பால் வடியும். இங்கே பேசுவது ஆஸ்ட்ரோபைட்டம், ஜிம்னோகாலிசியம், மாமில்லேரியா, பரோடியா, எக்கினாப்சிஸ் போன்ற நிஜக் கேக்டஸ் நாற்றுகளைப் பற்றி. நம் ஊர் சப்பாத்திக்கள்ளியும் இந்தக் கூட்டம்தான்.

விதைக்கும் மாதம்

பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர். ஏப்ரல் பகலில் 34 டிகிரியை ஒட்டிப் போகும், ஜனவரி இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். பெரும்பாலான கேக்டஸ் விதைகள் 22 முதல் 28 டிகிரிக்குள் நன்றாக முளைக்கும். தை கடைசியிலோ மாசியிலோ விதைத்தால் ஹீட்டர் எதுவும் வேண்டாம், வீட்டுக்குள் இருக்கும் சூடே போதும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் மழை கொட்டும்போது நாற்றுக்கு ஆறேழு மாதம் ஆகி, தோல் கொஞ்சம் தடித்திருக்கும். ஆடியில் விதைத்தால் கணக்கு தலைகீழ்: நாற்று மிக மென்மையாக இருக்கும் நாட்களும், ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்த நாட்களும் ஒன்றாக வந்துவிடும். விளக்கும் விசிறியும் வைத்து வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் எந்த மாதமும் விதைக்கலாம். மாடியையும் பால்கனியையும் நம்பியிருப்பவர்கள் மாசியை விடவேண்டாம்.

விதையோடு வரும் எமன்

பூஞ்சை பெரும்பாலும் விதைமேல் ஒட்டியிருக்கும் காய்ந்த பழச்சதையில்தான் வருகிறது. பழத்திலிருந்து நீங்களே எடுத்த விதை என்றால், டீ வடிகட்டியில் போட்டு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, விரலால் தேய்த்து, ஓடும் தண்ணீரில் வழுவழுப்பு போகும்வரை கழுவுங்கள். பிறகு காகிதத்தில் இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள்.

வாங்கிய விதையையும் நம்பாதீர்கள். ஆஸ்ட்ரோபைட்டம் விதையை லென்ஸில் பாருங்கள். கவிழ்த்த தொப்பி போல நடுவில் குழி இருக்கும். அந்தக் குழிக்குள் அழுக்கும் பூஞ்சை வித்தும் தங்கும், மேலே தெளித்த மருந்து அங்கே போகாது. அதனால் ஊறவைப்பதுதான் வழி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பொதுவாக 6 சதவீதம். சம அளவு காய்ச்சி ஆறிய தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். அதில் அரைச் சொட்டு சோப்புத் திரவம் விட்டு, விதையை 10 நிமிடம் போட்டு, அவ்வப்போது குலுக்கி, காய்ச்சிய தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பரோடியா போன்ற தூசி விதைக்கு 5 நிமிடம் போதும். காபி ஃபில்டர் தாளில் மடித்து முக்கினால் ஒன்றும் தொலையாது.

பழைய விதைக்கு ஒரு எச்சரிக்கை. ஃப்ரைலியா என்ற குட்டிக் கேக்டஸின் விதை ஒரு வருடத்திலேயே உயிர் இழக்க ஆரம்பிக்கும். முளைக்காத விதை சும்மா கிடக்காது, அது பூஞ்சைக்குச் சாப்பாடு. விதைத்து மூன்று வாரம் கழித்தும் முளைக்காதவற்றில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால், சுட்டு ஆறிய ஊசி முனையால் எடுத்துவிடுங்கள். பஞ்சு இல்லாவிட்டால் தொடவேண்டாம். ஒப்பன்ஷியா (சப்பாத்திக்கள்ளி) போன்ற கெட்டி ஓட்டு விதைகள் மாதக்கணக்கில் தாமதிக்கும்.

மண் கலவை

பெங்களூரில் செம்மண் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை அள்ளிப் போடுவதுதான் முதல் தவறு. சல்லடையில் சலித்தாலும் அதிலுள்ள களிமண் நான்கு முறை நனைந்ததும் இறுகி, மேல்பரப்பு ஓடு போல ஆகிவிடும். வேருக்குக் காற்று போகாது, பாசி மட்டும் படரும். மண்புழு உரத்தையும் விதைத் தொட்டிக்குள் விடாதீர்கள். பொடிக் கருங்கொசுவின் முட்டைகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகின்றன.

அளவு, கொள்ளளவுக் கணக்கில்:

- எம் சாண்ட் அல்லது பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது உடைத்த செங்கல், 1 முதல் 3 மி.மீ. வரை: 5 பங்கு
- பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைத் துகள்): 2 பங்கு
- கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்): 2 பங்கு
- மேலே தூவ, 2 மி.மீ. கல்துகள்: அரை செ.மீ. உயரத்துக்கு

எம் சாண்டில் கல் உடைத்த தூள் நிறைய இருக்கும். மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழுவதைத் தூர எறியுங்கள். மேலே நிற்பதை பக்கெட்டில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். ஆறேழு தடவை ஆகும். இங்கே சோம்பினால் அந்தத் தூள் தொட்டியின் அடியில் போய்ச் சேறாக உட்காரும். மேலே காய்ந்து, அடியில் ஈரம் நிற்கும் தொட்டிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

கோகோபீட்டில் உப்பு இருக்கும். ஊறவைத்து மூன்று தடவை பிழிந்து, கடைசியாக ஒரு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்த தண்ணீரில் ஒரு இரவு போட்டு, மறுநாள் இன்னொரு அலசு. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘அர்க்கா’ நொதிக்கவைத்த கோகோபீட் கிடைத்தாலும் பயன்படுத்தலாம். ஆனால் அதையும் கீழே சொல்லும்படி வேகவைத்துத்தான் மூடிய தொட்டிக்குப் போடவேண்டும்.

தொட்டி விஷயத்தில் ஒரு பிடிவாதம் தேவை. 100 விதை இருந்தால் பெரிய தட்டு ஒன்றில் கொட்டாமல், 7 செ.மீ. தொட்டி நான்கில் 25, 25 ஆகப் பிரியுங்கள். அழுகல் ஒரு நாற்றிலிருந்து பக்கத்து நாற்றுக்கு ஈர மண் வழியாகத்தான் நடந்து போகிறது. தொட்டிச் சுவரைத் தாண்ட அதற்குத் தெரியாது.

குக்கரும் விதைப்பும்

நாற்றழுகல் உண்டாக்கும் பித்தியம், ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் மூன்றும் ஈரமான மண்ணை 70 டிகிரியில் அரை மணி வைத்தாலே சாகும். ஆனால் விதைத்த தொட்டியைப் பைக்குள் மூடி இரண்டு மாதம் வைக்கப்போகிறோம். சூட்டைத் தாங்கும் மற்ற பூசணங்கள் மிஞ்சினால் அந்தக் கதகதப்பில் அவைதான் ராஜா. பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் இட்லிப் பானை ஆவி போதாது. குக்கர்தான் சரி, வெயிட் போட்ட குக்கருக்குள் 120 டிகிரியை ஒட்டி வரும்.

1. கலவையைப் புட்டு மாவுப் பதத்துக்கு நனையுங்கள். பிடித்தால் பிடியாக நிற்கவேண்டும், அழுத்தினால் சொட்டு விழக்கூடாது, விரலால் தட்டினால் உதிரவேண்டும். இந்தப் பதம்தான் அடுத்த இரண்டு மாத ஈரத்தைத் தீர்மானிக்கிறது.

2. ஹோட்டல் பார்சல் டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், குக்கர் சூட்டைத் தாங்கும். 1 என்று இருந்தால் சுருங்கிவிடும். தொட்டியும் 5 ஆக இருந்தால் மண்ணை நிரப்பியே வேகவைக்கலாம். மேலே அலுமினியத் தாள் மூடுங்கள்.

3. 5 லிட்டர் குக்கரில் முக்கால் லிட்டர் தண்ணீர், அடியில் ஸ்டாண்ட். முதல் விசில் வந்ததும் சிம்மில் 40 நிமிடம். கேஸை அணைத்து, மூடியைத் திறக்காமல் இரவு முழுதும் விடுங்கள்.

4. மறுநாள் அறை விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, 20 நிமிடம் பொறுங்கள். தூசி கீழே இறங்கட்டும். மேசையையும் கையையும் 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். துடைத்தது காயும்வரை பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

5. விதையை ஒரு செ.மீ. இடைவெளியில் மேலேயே வையுங்கள். புதைக்காதீர்கள், கேக்டஸ் விதைக்குப் பெரும்பாலும் வெளிச்சம் வேண்டும். பெரிய விதை பாதி கல்துகளுக்குள் உட்கார்ந்தால் போதும்.

6. தொட்டியை ஜிப்லாக் பைக்குள் வைத்து மூடி, தேதியும் பெயரும் எழுதுங்கள். பை மேல் உட்புறம் மெல்லிய பனிபோல் நீர் படிந்தால் ஈரம் சரி. சொட்டுச் சொட்டாக வழிந்தால் அதிகம். ஒரு மணி நேரம் திறந்துவிட்டு மூடுங்கள்.

டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைதானே, அதையும் இப்போதே கலந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மூடிய பைக்குள் அதுவே பச்சைப் போர்வையாகப் படர்ந்து விதையை மூடும். அதற்கு வேளை பையைத் திறக்கும்போதுதான்.

பைக்குள் இருக்கும் வாரங்கள்

ஆஸ்ட்ரோபைட்டம் மூன்று நான்கு நாளில் முளைக்கும், மாமில்லேரியாவுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு மூன்று வாரம். இந்தக் கட்டத்தில் மொத்தமாகச் சாகடிப்பது நோயைவிட வெயில்தான். மூடிய பை ஒரு சின்னக் கண்ணாடி வீடு. மேற்குப் பார்த்த சன்னலில் மார்ச் மாத மதியம் ஒரு மணி நேரம் வெயில் பட்டால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். மறுநாள் எல்லா நாற்றும் ஒரே மாதிரி கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். ஒன்றிரண்டு விழுந்து பரவினால் நோய். அத்தனையும் ஒரே நாளில் கண்ணாடி ஆனால் வெந்துவிட்டது என்று பொருள்.

வீட்டுக்குள் 20 வாட் எல்.இ.டி. பட்டைவிளக்கு இரண்டை அருகருகே மாட்டி, நாற்றிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் வைத்தால் 10,000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் கிடைக்கும். ஒன்று மட்டும் போதாது. டைமர் வைத்து ஒரு நாளைக்கு 14 மணி நேரம். விளக்கு, டைமர், பின்னால் சொல்லப்போகும் குட்டி விசிறி எல்லாமே பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோடு போனால் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம். வாட்ச் ரிப்பேர்காரர் வைக்கும் பத்து மடங்கு லென்ஸும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வேலையில் அதைவிட உதவும் கருவி கிடையாது.

நிறம்தான் நாற்றின் பேச்சு. வெளிர் பச்சையாக மெலிந்து உயர்ந்தால் வெளிச்சம் குறைவு, அப்படி வளர்ந்த கழுத்து முதல் ஈரத்திலேயே அழுகும். சிவப்பு அல்லது பழுப்பு ஏறினால் வெளிச்சம் அதிகம், 5 செ.மீ. உயர்த்துங்கள். லேசான செம்மை கெடுதல் இல்லை. விதை ஓடு தலையில் குல்லா போல ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள், அந்தக் காயம் அழுகலுக்குக் கதவு.

திறக்கும் வாரம்

முதல் முட்கள் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் திறப்பு. எக்கினாப்சிஸுக்கு நான்கு வாரத்தில் ஆகும், ஆஸ்ட்ரோபைட்டத்துக்கு ஆறு வாரம், பரோடியா போன்ற பொடி நாற்றுக்கு மூன்று மாதம்கூட விடலாம். பைக்குள் வளர்ந்த நாற்றின் தோல் மேல் மெழுகு சரியாகப் படிந்திருக்காது. ஒரே நாளில் பையை உருவி எறிந்தால் இரண்டே நாளில் சுருங்கி, வேர் தண்ணீர் இழுப்பதற்குள் முடிந்துவிடும். அதைப் பார்த்து பயந்து மேலே தண்ணீர் தெளிப்பார்கள். சுருங்கிய கழுத்தில் நிற்கும் அந்தச் சொட்டுதான் அழுகலைத் தொடங்கிவைக்கும்.

முதல் நான்கு நாள் பையில் ஊசியால் ஐந்து ஓட்டை. அடுத்த நான்கு நாள் பதினைந்து ஓட்டை. பிறகு ஜிப்பை ஒரு அங்குலம், இரண்டு நாள் கழித்து பாதி, பதினான்காம் நாள் முழுதும். சாயங்காலம் திறங்கள், கத்திரி வெயிலும் காற்றும் அடிக்கும் மதியத்தில் வேண்டாம். கடைசி நாள் டிரைக்கோடெர்மா தூளை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, தெளிய விட்டு, தட்டில் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். இதை ஊற்றும் அதே வாரத்தில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைப் போடாதீர்கள், காசு கொடுத்து வாங்கிய டிரைக்கோடெர்மாவையே அது கொன்றுவிடும்.

முதல் நாற்று சாய்ந்தால்

லென்ஸை எடுங்கள். எங்கே, எப்படிச் சாய்ந்தது என்பதில் பாதி பதில் இருக்கிறது.

கழுத்தில், மண்ணைத் தொடும் இடத்தில், நனைந்த நூல் கட்டியது போல ஒரு கண்ணாடி வளையம், அதற்கு மேலே உடல் இன்னும் பச்சை: இது பித்தியம். நீரில் நீந்திப் போகும் வித்துகள் கொண்டது, ஈரம் நின்ற தொட்டியில் ஒரே நாளில் சுற்றியுள்ளவற்றைப் பிடிக்கும். கழுத்து பழுப்பாகி, கம்பி போல ஒல்லியாகக் காய்ந்திருந்தால் ரைசோக்டோனியா. உடலில் மஞ்சள் புள்ளி தொடங்கி மூன்று நாளில் கருத்துச் சுருண்டால் பைப்போலாரிஸ் காக்டிவோரா என்ற பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். தோல் அப்படியே இருந்து, தொட்டால் உள்ளே வெறுங்கூடு என்றால் நோயே இல்லை, கருங்கொசுவின் புழு. ஒரு பக்கம் மட்டும் வைக்கோல் நிறமாக வெளுத்துக் கெட்டியாக இருந்தால் வெயில் சுட்டது. அது பரவாது, மருந்தும் வேண்டாம்.

அழுகல்தான் என்று தெரிந்தால் அன்றே செய்யவேண்டியவை: தொட்டியை மற்றவற்றிலிருந்து தூக்கித் தனியே வையுங்கள். சாய்ந்த நாற்றையும் அதைச் சுற்றி ஒரு செ.மீ. மண்ணையும் பழைய டீ ஸ்பூனால் அள்ளிக் குப்பையில் போடுங்கள், செடித்தொட்டியில் வேண்டாம். குழியில் 3 சதவீதப் பெராக்சைடு இரண்டு சொட்டு. பை இருந்தால் திறந்துவிடுங்கள். காற்றும் வெளிச்சமும் கொடுங்கள், மேல்மண் காயட்டும்.

மருந்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். வீட்டுத்தோட்டக்காரர்கள் கைக்கு முதலில் வரும் கார்பென்டாசிம் பித்தியத்தை ஒன்றும் செய்யாது. பித்தியம் உண்மையில் பூஞ்சையே அல்ல, நீர்ப்பூசணம் என்று தனி இனம். அதற்கு மெட்டலாக்ஸில் 8 சதவீதமும் மேன்கோசெப் 64 சதவீதமும் கலந்த தூள்தான் சரி. வயலுக்கு லிட்டருக்கு 2 கிராம், குட்டி நாற்றுக்கு 1 கிராம் போதும், கீழிருந்து. ரைசோக்டோனியாவுக்கும் ஃபியூசேரியத்துக்கும் கார்பென்டாசிம் 50 சதவீதத் தூள் லிட்டருக்கு அரை கிராம். கையுறை போடுங்கள், சமையலறை அளவுக்கரண்டியைத் தொடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மீந்த கரைசலை பாட்டிலில் வைக்காதீர்கள். வாராவாரம் ‘பாதுகாப்புக்கு’ ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அரிய வகை நாற்று ஒன்றுதான் இருக்கிறது, கழுத்து மட்டும் அழுகியிருக்கிறது என்றால், புது பிளேடால் அழுகிய கழுத்திலிருந்து மேல்நோக்கிக் குறுக்கே வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டில் பழுப்புப் புள்ளி இல்லாமல் சுத்தமான பச்சை வளையம் தெரிந்தால் டிராகன் ஃப்ரூட் தண்டிலோ பெரெஸ்கியாப்சிஸ் என்ற இலையுள்ள கேக்டஸிலோ ஒட்டிப் பார்க்கலாம். மூன்று நாள் ஈரப்பதத்தில் மூடிவைக்கவேண்டும். ஒட்டத் தெரியாதவர்கள் இதில் நேரம் செலவழிப்பதைவிட, மிச்சமுள்ள தொட்டிகளைக் கவனிப்பது மேல்.

தண்ணீர்: இரண்டாம் மாதம் முதல் பத்தாம் மாதம் வரை

கேக்டஸ்தானே, காயவிடு என்பார்கள். ஒரு வயதுக்குட்பட்ட நாற்றுக்கு அது தூக்குக்கயிறு. அதன் உடம்பில் சேமிப்பு கிடையாது. வேர் மயிர் போன்றது. முழுதாகக் காய்ந்து ஐந்தாறு நாள் கிடந்தால் அந்த வேர் செத்து, அடுத்து ஊற்றும் தண்ணீரில் அழுகும். நாற்று விழுவது தண்ணீர் ஊற்றிய பிறகு என்பதால், தண்ணீர் அதிகம் என்று தீர்ப்பு எழுதி, அடுத்த தொட்டியையும் காயவிட்டுக் கொல்கிறோம். இந்த ஒரு தவறில் போகும் நாற்றுகள் எல்லாப் பூஞ்சைகளும் சேர்ந்து கொல்வதைவிடக் குறைவு என்று சொல்லமுடியாது.

விரலை விட்டுப் பார்க்க இந்தத் தொட்டியில் இடமில்லை, அதனால் அடுப்படித் தராசு. நன்றாக நனைத்து வடிந்ததும் தொட்டியின் எடையைக் குறியுங்கள். அதே கலவை நிரப்பிய, நாற்று இல்லாத தொட்டி ஒன்றை முழுதாகக் காயவிட்டு அதையும் குறியுங்கள். நனைந்தது 260 கிராம், காய்ந்தது 200 என்றால் இடையில் 60 கிராம் தண்ணீர். முதல் ஆறு மாதம் 220க்கு வந்ததும் தண்ணீர். ஏழாம் மாதத்திலிருந்து 207 வரை இறங்கவிடலாம். முழுதாகக் காய்ந்து மூன்று நாளுக்கு மேல் கிடக்கக்கூடாது. எடையைத் தொட்டியில் மார்க்கரால் எழுதிவிட்டால் வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்வார்கள்.

எப்போதும் தட்டில் ஒரு செ.மீ. தண்ணீர், 15 நிமிடம், மீதியைக் கொட்டிவிடவேண்டும். காலையில் ஊற்றுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். காவேரித் தண்ணீர் வரும் வீட்டில் பெரிய தொல்லையில்லை. போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் கலந்த சம்ப் என்றால், அதிலுள்ள பைகார்பனேட் மெல்ல மெல்ல மண்ணைக் காரமாக்கும். நாற்று சாகாது, ஆனால் வளராமல் நிற்கும், அடியில் வெள்ளை உப்பு வளையம் ஏறும், அப்படி வளராமல் நிற்கும் நாற்றைத்தான் அழுகல் முதலில் பிடிக்கும். மளிகைக் கடை சிட்ரிக் ஆசிட் 5 லிட்டருக்கு 1 கிராம் போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் கழித்து பி.எச். தாளில் பாருங்கள். 5.5 முதல் 6 வரை வந்தால் சரி. கடினமான போர் தண்ணீருக்கு 2 கிராம்வரை பிடிக்கும். ஆர்.ஓ. மெஷினில் சுத்தமாக வரும் தண்ணீர் நல்லது, அதன் கழிவுக் குழாய்த் தண்ணீர் கூடாது. மழையில் முதல் கால் மணி நேரத்தை விட்டுப் பிடித்த தண்ணீருக்கு இணை எதுவும் இல்லை.

உரம் மூன்றாம் மாதத்தில்: 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள உரம்) லிட்டருக்கு கால் கிராம், ஒன்றுவிட்டு ஒரு தண்ணீருக்கு. மாதம் ஒருமுறை அதற்குப் பதிலாக கால்சியம் நைட்ரேட் கால் கிராம். இரண்டையும் ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்தால் வெள்ளையாகத் திரிந்துவிடும். அளவைக் கூட்டினால் நாற்று குண்டாகும், பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கொழுத்த சதைதான் மழையில் முதலில் போகும்.

கருங்கொசுவும் மற்றவையும்

தொட்டியை அசைத்தால் இரண்டு மூன்று பொடிக் கருங்கொசு தத்திப் பறக்கிறதா? ஃபங்கஸ் நாட் என்பார்கள். கொசு கடிக்காது, அதன் புழு நாற்றைக் கீழிருந்து குடைந்து தின்னும். சந்தேகம் இருந்தால் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி ஒரு துண்டை மண்மேல் வைத்துவிட்டு, மறுநாள் புரட்டிப் பாருங்கள். கருந்தலையும் ஊடுருவித் தெரியும் உடலுமாக அரை செ.மீ. புழு ஒட்டியிருந்தால் உறுதி. கொசுப்புழுவுக்கு விற்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.டி.ஐ., இதற்கும் வேலை செய்யும். பாக்கெட்டில் உள்ள அளவுப்படி கரைத்து வாரம் ஒருமுறை, நான்கு வாரம் தொடர்ந்து ஊற்றவேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக மூன்று நான்கு வாரம் ஆவதால் ஒருமுறை ஊற்றி நிறுத்தினால் அடுத்த தலைமுறை வந்துவிடும். மஞ்சள் ஒட்டுத்தாள் கொசுவைப் பிடிக்கும், புழுவைத் தொடாது. மேலே தூவிய அரை செ.மீ. கல்துகள் காய்ந்திருந்தாலே கொசு முட்டையிட அவ்வளவாக வராது.

பிப்ரவரி, மார்ச் வறட்சியில் செஞ்சிலந்தி வரும். குருத்தில் துருப்பிடித்தது போலத் தழும்பு தெரியும். மழையில் நத்தை, காலையில் வெள்ளிக் கோடு கிடந்து, நாற்றின் தலை காணாமல் போயிருக்கும். அதற்கு மருந்தைவிட, டார்ச் எடுத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பொறுக்குவது நம்பகமான வழி.

முதல் வெயில், முதல் மழை

மாடிக்கு மாற்றும்போது 75 சதவீத நிழல்வலையில் தொடங்கி, மூன்று வாரம் கழித்து 50 சதவீதத்துக்கு வாருங்கள். முதல் வருடம் நேரடி வெயில் காலை ஒன்பது மணியோடு சரி. இரண்டு நாள் மேகமூட்டமாக இருந்து திடீரென்று பளிச்சென்று வெளுக்கும் மூன்றாம் நாள்தான் பெங்களூரில் நாற்று சுடுகிற நாள். அன்று கூடுதலாக ஒரு வலை போடுங்கள்.

மழைக்குக் கூரை கட்டாயம். பாலிகார்பனேட் ஷீட் மேலே, நான்கு பக்கமும் திறந்திருக்கவேண்டும். மழை நனைக்காவிட்டாலும் செப்டம்பரில் இரவெல்லாம் காற்று ஈரமாக நின்றால் மேல்மண் காயாது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த 12 வோல்ட் விசிறியை 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் மெதுவாகச் சுற்றும். நாற்றின் மேல் நேராக அடிக்காமல், ஒரு சாண் உயரத்தில் காற்று கடந்து போகும்படி வையுங்கள். நான்கு நாள் தொடர்ந்து வெயில் இல்லையென்றால் தண்ணீரையும் உரத்தையும் தள்ளிப்போடுங்கள். எடை 215 ஆக இருந்தாலும் மேகம் கலைந்த பிறகு ஊற்றலாம்.

முதல் மாற்றி நடுதல்

நாற்றுகள் ஒன்றையொன்று தொட்டு நெருக்கும்வரை பிரிக்காதீர்கள்; கூட்டமாக இருக்கும்போதுதான் அவை வேகமாக வளர்கின்றன. அடுத்த தை, மாசி சரியான வேளை. அதற்கு நான்கு நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டால் மண் வேரை விட்டு உதிரும். தண்டைப் பிடித்து இழுக்காமல், தொட்டியைக் கவிழ்த்து மொத்தமாக எடுத்து, பல்குச்சியால் பிரியுங்கள். அறுந்த வேர் தெரிந்தால் நிழலில் இரண்டு நாள் வெறும் காகிதத்தில் கிடத்துங்கள். புது மண் அரை ஈரமாக இருக்கவேண்டும், சொட்டச் சொட்ட அல்ல. கழுத்து முன்பு இருந்த உயரத்திலேயே நின்று, அதைச் சுற்றி வெறும் கல்துகள் மட்டும் இருக்கட்டும். நட்ட அன்று தண்ணீர் ஊற்றும் கை அரிக்கும், அடக்குங்கள். முதல் தண்ணீர் ஐந்தாம் நாள் காலையில், கீழிருந்து.